கறித்தூள் பொட்டலத்துக்கு வாசகம் எழுத எவ்வளவு ஒதுக்கலாம்?

போன வருஷம் ஒரு ராத்திரி அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் 340 கறித்தூள் பொட்டலங்கள் குவிந்திருந்தன. அக்கா ஹேர் டிரையரைப் பிடித்துச் சூடு காட்ட, நான் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தேன். மெதுவாக இழுத்தால் முழுசாக வரும். அவசரப்பட்டால் பாதி கிழிந்து, பசை பொட்டலத்திலேயே தங்கிவிடும். அப்படித் தங்கியதைச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தோம். முடிக்க மணி ஒன்றரை ஆனது.

உரித்ததற்குக் காரணம் ஒரே ஒரு வரி: "சர்க்கரை நோயைக் குணமாக்கும் வெந்தயம் கலந்தது." முகநூலில் கிடைத்த ஒருவர் 120 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) எழுதிக் கொடுத்தது. எங்கள் கண்ணுக்கும் தப்பாகப் படவில்லை. சரக்கை இறக்கப்போன மினி மார்க்கெட்டில்தான் முதலாளி கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இத அலமாரியில வெச்சா சுகாதாரத்துறைக்காரங்க வந்து என்னைத்தான் கேப்பாங்க. ஸ்டிக்கர மாத்திக் கொண்டாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். உணவாக விற்கும் பொருள் நோயைத் தீர்க்கும் என்று லேபிளில் போட மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இடம் தருவதில்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமும் தடுக்கிறது. ஸ்டிக்கர் ஒன்று 18 காசு, 2,000 ஸ்டிக்கர், ஆக 360 வெள்ளி. எழுதிய கூலி 120. மொத்தம் 480 வெள்ளி அந்த ராத்திரி குப்பைக்கூடைக்குப் போனது.

கடைசிப் பொட்டலத்தைத் துடைத்து வைத்துவிட்டு அக்கா கேட்டது: "தம்பி, இனி எழுதறதுக்குன்னு எவ்வளவுடா ஒதுக்கலாம்? நீதான கணக்குப் பாக்கறவன், சொல்லு."

சுங்கை சிப்புட்டில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். மாவு மில்லுக்கு, கேன்வாஸ் பந்தலுக்கு, லோரி வாடகைக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டால் உடனே சொல்வேன். எழுத்துக்கு என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் யாரிடமும் இருந்திருக்காது. எஸ்டேட் தோட்டத்தில் எழுத்து என்பது எப்போதும் உதவியாகத்தான் கிடைத்தது. மனு எழுத வேண்டுமா, கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுக்குப் போவார்கள். கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்றால் தமிழ்ப்பள்ளி வாத்தியார். பதிலுக்கு வீட்டுத் தேங்காய் நாலு போகும், தீபாவளிக்கு முறுக்கு போகும். காசு கைமாறியதாக அம்மா சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாங்கள், ஸ்டிக்கர் அடிக்க 360 கொடுக்கத் தயங்கவில்லை, அதில் என்ன எழுதுவது என்பதற்கு 120 கொடுக்கும்போது மட்டும் அதிகமோ என்று பேசிக்கொண்டோம்.

விளம்பரம் எழுதவே ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது புது வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் பெரிய கடை நடத்திய ஜான் வானமேக்கர் 1880இலேயே ஜான் பவர்ஸ் என்பவரை அதற்காக வேலைக்கு வைத்தார். இருப்பதை இருக்கிறபடி, சுருக்கமாக எழுதுவதில் பேர் வாங்கியவர் பவர்ஸ். அந்த ஸ்டிக்கர் வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

அடுத்த மூன்று வாரம் ஒவ்வொருவரிடமாக விலை கேட்டோம். கிடைத்ததை இங்கே வைக்கிறேன். இவை எங்களுக்குச் சொல்லப்பட்ட விலைகள். சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் விலையில்லாமல் கிடைப்பவை. அச்சகத்தில் ஸ்டிக்கர் அடித்தால் வாசகத்தையும் அவர்களே போட்டுத் தருவார்கள். அங்கே இருக்கும் தம்பி நல்ல பிள்ளை, கை வேகம். ஆனால் அவர் கணினியில் ஏற்கெனவே இருக்கும் வாசகத்தைத்தான் எடுத்துப் போடுவார். "பாரம்பரிய சுவை, தரமான தயாரிப்பு." ஊறுகாய்க்கும் அதே வரி, அகர்பத்திக்கும் அதே வரி. கடை அலமாரியில் பாபாஸும் அழகப்பாவும் வரிசையாக நிற்கும் இடத்தில் பெயர் தெரியாத ஒரு பொட்டலம் அந்த வரியோடு போய் நின்றால், ஒருத்தர் கை நீட்ட என்ன காரணம் இருக்கிறது?

இரண்டாவது இலவசம் செயற்கை நுண்ணறிவு. நானே கைப்பேசியில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். மலாய் ஓரளவு சரியாக வந்தது. தமிழில், "எங்கள் தயாரிப்பின் தனித்துவமான சுவையை அனுபவியுங்கள்" என்று வந்தது. தமிழ் தெரிந்த எந்தத் தாயும் கறித்தூளைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கேட்காமலே "மூன்று தலைமுறைப் பாரம்பரியம்" என்றும் சேர்த்திருந்தது. அக்கா தூள் விற்க ஆரம்பித்து ஆறு வருஷம். "செரிமானத்தைச் சீராக்கும்" என்று இன்னொரு வரி. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஹேர் டிரையர் ராத்திரி கண்ணில் வந்து நின்றது. எழுத்துப்பிழை பார்க்கவும், எழுதுபவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று பட்டியல் போடவும் அதை இன்றும் பயன்படுத்துகிறேன். பொட்டலத்தில் அச்சாகப்போகும் வரியை ஒரு மனிதர் பொறுப்பேற்று எழுத வேண்டும் என்பது என் முடிவு.

அக்காவே எழுதினால் என்ன? இதை நான் லேசாகத் தள்ளவில்லை. அக்காவுக்குச் சரக்கு தெரியும், வாங்குபவர்கள் தெரியும். நான்கு ராத்திரி நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுதியதில் பாதி மல்லியை எப்படி வெயிலில் காயவைக்கிறார் என்பது. அவருக்கு அதுதான் பெருமை, உழைப்பும் அங்கேதான் போகிறது. வாங்குபவர் தேடுவது அதுவா என்று உள்ளேயிருந்து பார்க்க முடியாது. அந்த நான்கு ராத்திரியில் அரைத்துப் பொட்டலம் கட்டியிருந்தால் 80 பொட்டலம் ஆகியிருக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மற்ற கோடியில், கோலாலம்பூர் விளம்பர நிறுவனம் ஒன்று மாதம் 2,500 வெள்ளி, குறைந்தது ஆறு மாதம் என்றது. ஆளையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று மாமா சொன்னார். குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதுதான். முதலாளி பங்கான ஈபிஎஃப் (சேமநிதி) 13 விழுக்காடு, அதாவது 221 சேர்த்தால் 1,921. அதற்கு மேல் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி. இந்த இரண்டு வழியும் ஏன் எங்களுக்கு இல்லை என்பதைக் கீழே கணக்கில் காட்டுகிறேன், ஒரு வரியில் முடிந்துவிடும்.

நடுவில் இருப்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். அங்கே விலை என்பதை விட, எதற்கு விலை வைக்கிறார்கள் என்பது பெரிய விஷயம்.

ஒருவர் சொல்லுக்கு 30 காசு என்றார். கேட்க மலிவாக இருந்தது. அக்கா லேபிளில் விற்கும் வாசகம் என்று எண்ணினால் 60 சொல்தான், ஆக 18 வெள்ளி. எங்கள் தொழிலுக்கே முக்கியமான 60 சொல்லுக்கு 18 வெள்ளி வாங்குபவர், அதற்கு எத்தனை நிமிஷம் ஒதுக்க முடியும்? அவர் வயிற்றுக்கும் வேண்டுமே. சொல் கணக்கில் கூலி வாங்கினால் நீட்டி எழுதுவதுதான் லாபம், லேபிளுக்கோ சுருக்கம்தான் உயிர். இன்னொன்று: அந்த 30 காசு ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட விலை. தமிழில் "வாங்கிக்கொள்ளலாம்" என்பது ஒரே சொல். "சேர்த்துக்கொண்டால்தான்" என்பதும் ஒரே சொல். ஆங்கிலக்காரர் நாலைந்து சொல்லில் சொல்வதைத் தமிழில் ஒன்றில் சொல்லி, ஒன்றுக்கு மட்டும் கூலி வாங்குகிறார் தமிழ் எழுதுபவர். நீளமான கட்டுரை மொழிபெயர்க்கும் வேலைக்கு இந்த முறை சரியாக இருக்கலாம். பொட்டலத்துக்கு ஆகாது.

மணிக்கணக்கில் கேட்டவரும் உண்டு, மணிக்கு 50 வெள்ளி. எத்தனை மணி ஆகும் என்று சொல்ல மறுத்தார். முடிவு தெரியாத தொகையை நான் யாருக்கும் பட்ஜெட்டில் எழுதித் தருவதில்லை.

விற்பனையில் பத்து விழுக்காடு கொடுங்கள், முன்பணம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னபோது அக்கா முகம் மலர்ந்துவிட்டது. கையிலிருந்து போவது ஒன்றுமில்லையே! கணக்குப் போட்டுக் காட்டினேன். பொட்டலம் கடையில் 7.50க்கு விற்கிறது. பத்து விழுக்காடு 75 காசு. கடைக்குப் போடும்போது அக்கா கையில் நிற்பதே 1.90. அதில் 75 காசு என்றால் கிட்டத்தட்ட 40 விழுக்காடு. அதுவும் எந்தப் பொட்டலம் அவர் எழுத்தால் விற்றது, எது அக்காவின் பழைய முகப்பழக்கத்தால் விற்றது என்று யார் பிரிப்பது? விற்பனைக் கணக்கு இருப்பது பள்ளிக்கூட நோட்டில். மாசாமாசம் சண்டை வரும்.

கடைசியாக ஈப்போவில் ஓர் அம்மா. நாளிதழில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறார். மொத்த வேலைக்கு ஒரே விலை: 950 வெள்ளி. லேபிள் தமிழிலும் மலாயிலும், ஒரு துண்டுப் பிரசுரம், ஐந்து வாட்ஸ்அப் செய்திகள், ஷாப்பி இணையக்கடைப் பக்கத்துக்கு ஒரு பத்தி, இரண்டு முறை திருத்தம். அதே வேலையைக் கல்லூரி மாணவி ஒருத்தி 200க்கு முடித்துத் தருவதாகச் சொன்னாள்.

ஆக உண்மையான கேள்வி 200க்கும் 950க்கும் இடையில்தான். இங்கேதான் எல்லாரும் "நம்மகிட்ட எவ்வளவு இருக்கு" என்று பார்ப்பார்கள். அக்காவும் அப்படித்தான் ஆரம்பித்தார். கையில் இருப்பதிலிருந்து தொடங்கினால் எப்போதும் குறைந்த விலைதான் சரியாகத் தெரியும். திரும்பி வரக்கூடியது எவ்வளவு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

250 கிராம் பொட்டலம் தயாரிக்க மிளகாய், மல்லி, மில் கூலி, பொட்டலம், ஸ்டிக்கர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 3.90. கடைக்கு 5.80க்குக் கொடுத்தால் மிச்சம் 1.90. வாட்ஸ்அப்பில் நேராக 7.50க்கு விற்றால் மிச்சம் 3.60. அக்காவுக்கு இரண்டும் பாதிப் பாதி, ஆகவே பொட்டலத்துக்கு 2.75 என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 400 பொட்டலம் போகிறது. நிறுவனம் கேட்ட 2,500ஐ எடுக்க மாதம் 910 பொட்டலம் கூடுதலாக விற்க வேண்டும். சம்பள ஆளுக்கு 699. அக்காவின் அடுப்புக்கும் அந்த மில்லுக்கும் அது ஆகாத காரியம். அவை இரண்டும் அதோடு முடிந்தன.

950ஐ எடுக்க 346 பொட்டலம். இதைப் பார்த்ததும் அக்கா, "அய்யோ, கிட்டத்தட்ட ஒரு மாச யாவாரம்டா" என்றார். எனக்கும் முதலில் மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் பொட்டலத்தை எண்ணுவதே தவறு, வீட்டை எண்ண வேண்டும் என்பது அன்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. கறித்தூள் ஒரு தடவை வாங்கி முடியும் சரக்கு இல்லை. பிடித்துவிட்டால் ஒரு வீடு மாதம் ஒரு பொட்டலம் வாங்கும். நேராக வாங்கும் ஒரு வீடு வருஷத்துக்கு 12 பொட்டலம், 43.20 வெள்ளி மிச்சம். அப்படி 22 வீடு புதிதாக வந்தால் 950 திரும்பிவிடும். எல்லாரும் வருஷம் முழுக்க வாங்கமாட்டார்கள் என்று, பாதிப் பேர் ஆறு மாதத்தில் நின்றுவிடுவதாகவே வைப்போம். அப்போது வீட்டுக்குச் சராசரி ஒன்பது பொட்டலம், 32.40 வெள்ளி. 30 வீடு போதும்.

அடுத்து, எத்தனை வீடு வரும்? இதில் ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது. சுற்றியுள்ள மூன்று தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) 600 வீட்டுக்குத் துண்டுப் பிரசுரம் போடுவது திட்டம். பழைய அனுபவத்தில், அதிலிருந்து எத்தனை பேர் பேசுவார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை கேட்பார்கள் என்று அக்காவைச் சொல்லச் சொன்னேன். "நாப்பது வீடு. அதுக்கு மேல நான் வாக்கு குடுக்க மாட்டேன்" என்றார். 40ஐ 32.40ஆல் பெருக்கினால் 1,296. பிரசுரம் அச்சடிக்க 150 போக 1,146. அது மேல்வரம்பு, அதற்கு மேல் ஒரு காசு கொடுத்தாலும் ஒரு வருஷத்துக்குள் நஷ்டம். கொஞ்சம் கையில் நிற்க வேண்டுமென்று 1,000 என்று எழுதி வட்டம் போட்டோம். அதுதான் எழுத்துக்கான பட்ஜெட். 950 அதற்குள் அடங்கியது.

இந்த எண் அக்காவுக்கானது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எங்கள் தெருவிலேயே கல்யாணத்துக்குக் கேன்வாஸ் பந்தல் வாடகைக்கு விடும் அண்ணனுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 400 வெள்ளி மிச்சம் நிற்கிறது. அவருக்கு மூன்று ஆர்டர் வந்தாலே 950 கழிந்துவிடும். மறுபக்கம், 40 வீட்டுக்குப் பதில் 15 வீடுதான் வரும் என்றால், 486இல் அச்சுச் செலவு போக 336. அப்போது மாணவியிடம் 200 கொடுத்து எழுதி வாங்கி, விவரம் தெரிந்த இன்னொருவரிடம் 100 கொடுத்துச் சரிபார்ப்பதுதான் புத்தி. மாணவி எழுதிய மாதிரியைப் பார்த்தேன், கை சுத்தமாக இருந்தது. அவளை வேண்டாம் என்று சொன்னது திறமைக்குறைவால் அல்ல, சட்டமும் மலாயும் சேர்ந்து வரும் லேபிளை முதல் வேலையாக அவள் தலையில் வைக்கக்கூடாது என்பதால். தீபாவளி முறுக்குக்கு மூன்று வாரம் மட்டும் ஓடும் செய்தியை அவளிடம்தான் கொடுத்தோம், 150க்கு. மூன்று வாரத்தில் செத்துப்போகும் வாசகத்துக்கும், இரண்டு வருஷம் பொட்டலத்தில் நிற்கும் வாசகத்துக்கும் ஒரே விலை கொடுக்க வேண்டியதில்லை.

950 ஏன் தகும் என்று நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாரும் விலையை முதலில் சொன்னார்கள். ஈப்போ அம்மா விலை சொல்வதற்கு முன் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார். அரைமணி நேரப் பயணம்தானே என்று அக்காவை அழைத்துக்கொண்டு நேரில் போயிருந்தோம். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டித் தேய்த்துப் பார்த்தார். "வாங்கிட்டு நிறுத்தினவங்க யாரும்மா? ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஆறு வருஷத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. பிறகு, வாடிக்கைக்காரர்கள் அனுப்பிய குரல் செய்தி ஏதாவது இருந்தால் போடச் சொன்னார்.

அக்கா கைப்பேசியில் தேடித் தேடிப் போட்டார். கோலகங்சார் பக்கம் ஒரு பெண், பின்னால் குழந்தை அழும் சத்தத்தோடு: "அக்கா, மறுபடி மூணு பாக்கெட்டு எடுத்து வைங்க. மீன் கறிக்கு வேற தூளுன்னா மூணு கரண்டி போடணும், உங்களோடதுன்னா ரெண்டு கரண்டி போதுங்க்கா." அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். இன்று பொட்டலத்தின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான்: "ரெண்டு கரண்டி போதும்." நோயைப் பற்றி ஒன்றுமில்லை, பாரம்பரியத்தைப் பற்றி ஒன்றுமில்லை. காலையில் மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, வேலைக்கு ஓடி, சாயங்காலம் சமைக்க நிற்கும் ஒரு தாய்க்கு அந்த மூன்று சொல்லில் காசும் தெரிகிறது, காரமும் தெரிகிறது. அச்சடிக்கும் முன்னால் எங்கள் சமையலறையிலேயே இரண்டு தூளையும் வைத்து அளந்து சமைத்துப் பார்த்தோம், சொன்னது உண்மைதானா என்று.

மலாய் வாசகத்துக்கும் அவரே பொறுப்பு. மலேசியாவில் தயாரித்துப் பொட்டலமிடும் உணவின் லேபிளில் மலாய் கட்டாயம், தமிழ் கூட இருக்கலாம். இதைப் பலர் கடைசி நேர மொழிபெயர்ப்பாக விட்டுவிடுகிறார்கள். எங்கள் முதல் ஸ்டிக்கரில் "அம்மா கைப்பக்குவம்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மலாயில் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மக்சிக்கு (மலாய்க்கார அம்மாவுக்கு) என்ன சொல்ல வருகிறோம் என்றே புரியவில்லை. ஈப்போ அம்மா அந்த இடத்தில் "ஆயிர் தாங்ஙான் இபு" என்று எழுதினார். அம்மாவின் கைநீர் என்று பொருள், அம்மா சமைத்த ருசியை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மக்சி படித்துவிட்டு, தன் அம்மா வைக்கும் மீன் கறியைப் பற்றி அக்காவிடம் கால் மணி நேரம் பேசினார். இரண்டு மொழியையும் உள்ளிருந்து அறிந்தவருக்குக் கொடுக்கும் காசு, இரண்டு வேலைக்குக் கொடுக்கும் காசு என்றே நான் கணக்கில் எழுதினேன்.

ஒப்பந்தம் ஒரு பக்கம்தான். பாதி முன்பணம் 475, மீதி கடைசி வடிவம் கைக்கு வந்த பிறகு. இரண்டு திருத்தத்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 60. எந்த வரிக்கும் ஆதாரம் கேட்டால் அவர் காட்ட வேண்டும், சரக்கைப் பற்றி நாங்கள் சொன்னது பொய்யானால் பொறுப்பு எங்களுடையது. எழுத்தின் உரிமை யாருக்கு என்றும் ஒரு வரி போட்டோம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொல்லி எழுதவைத்த படைப்பின் உரிமை எழுதவைத்தவருக்கே போகும். அது தெரிந்திருந்தாலும் எழுதிக்கொள்வது நல்லது, பின்னால் பேச்சு வராது.

காசு வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி செய்தோம். கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே விளம்பரத்தில் கூப்பன் வைத்து, எந்த விளம்பரம் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று எண்ணினார். எங்களுக்குக் கூப்பன் வேண்டியிருக்கவில்லை. 600ஐ மொத்தமாக அடிக்காமல், முதலில் 200 அடித்தோம். நூறில் "ரெண்டு கரண்டி போதும்", நூறில் பழைய "பாரம்பரிய சுவை". முதலாவதில் அக்கா நம்பருக்குப் பக்கத்தில் "கரண்டி என்று அனுப்புங்கள்", இரண்டாவதில் "சுவை என்று அனுப்புங்கள்". பத்து நாளில் கரண்டி 14, சுவை 5. இருநூறு தாளை வைத்துப் பெரிதாக எதையும் சாதித்துப் பேச முடியாது, ஒரே தாமானில் உறவுக்காரர்கள் அதிகம் இருந்தாலும் எண் மாறும். ஆனாலும் மீதி 400ஐ எந்த வாசகத்தில் அடிப்பது என்ற கேள்விக்கு அது போதுமான பதில்.

நாலு மாதம் ஆகிறது. நோட்டில் புது வீடு 26, அதில் 19 வீடு இரண்டாம் முறை வாங்கியிருக்கின்றன. 30ஐ இன்னும் தொடவில்லை. மூன்றாவது தாமானுக்குப் பிரசுரம் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் போகிறது. மினி மார்க்கெட்டில் அந்த முதலாளி புது லேபிளைக் கண்ணாடி போட்டு முன்னும் பின்னும் படித்துவிட்டு, இரண்டு பெட்டி இறக்கச் சொன்னார்.